தலையணை மேல் வைத்த ஒரு ரூபாய்

1

அரிமளத்துக்குப் பக்கத்தில் பாட்டன் கட்டிய வீட்டை ஹோட்டலாக்கிவிட்டு, சென்னையில் உட்கார்ந்து அதை நடத்தும் முதலாளி அவர்களே, பஞ்சவர்ணத்தைத் திருடி என்று நீங்கள் சொன்னது பொய். பொய் என்று தெரிந்த பிறகும் நீங்கள் அதைத் திருத்தவில்லை.

நேரில் வந்து சொன்னேன். போனில் சொன்னேன். மெயிலில் எழுதினேன். இப்போது நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உங்கள் ஹோட்டல் பெயரைப் போடவில்லை, போட்டால் அதுவும் உங்களுக்கு விளம்பரம். அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

சும்மா இருந்தவளைக் கிளப்பிவிட்டது நீங்கள்தான். இன்று காலை வேலைக்குப் போகிற பஸ்ஸில் உங்கள் ஹோட்டலிலிருந்து மெயில் வந்தது. போன வருடம் இதே வாரம் எங்கள் விருந்தினராக இருந்தீர்கள், அந்த இனிய நினைவுகளைப் புதுப்பிக்க மீண்டும் வாருங்கள் என்று. வாடகையில் தள்ளுபடி வேறு. கீழே பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண் கைகூப்பி நிற்கிறாள். அவள் படத்துக்காகக் கூட்டிவந்த பெண். உங்கள் அறைகளைக் கழுவிய பெண்ணின் படம் என் மகளுடைய போனில் இருக்கிறது.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கோட்டுக்குள்ளே வேலைச் சட்டையோடு உட்கார்ந்து அந்த மெயிலைப் படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பப் பனியில் நடந்து வரும்போதே இதை எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

2

படிக்கிறவர்களுக்கு நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் வளர்மதி. சொந்த ஊர் கீரனூர்ப் பக்கம். கல்யாணமாகி டொராண்டோ வந்தேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். நான் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறேன். கக்கூஸ் கழுவுவதும் அதில் அடக்கம். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. வெட்கம் எல்லாம் ஊரில் இருக்கிற என் சொந்தக்காரர்களுக்கு. அவர்களைப் பொறுத்தவரை நான் “பெரிய ஹோட்டலில் மேனேஜர்”. அந்தப் பதவியை எனக்குக் கொடுத்தது என் அண்ணன்.

காலையில் தள்ளுவண்டியில் விரிப்பு, டவல், சோப்பு எல்லாம் அடுக்கிக்கொண்டு கிளம்புவேன். கதவைத் தட்டி, குரல் கொடுத்து, திறந்து உள்ளே போனால் கண் முதலில் போவது தலையணைக்கு. வேலைக்குச் சேர்ந்த அன்றே பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி சொல்லிக்கொடுத்த பாடம் அது. காலி செய்துவிட்டுப் போன அறையில் தலையணை மேல் காசு இருந்தால் உனக்கு. மேஜை மேல் இருந்தால் தொடாதே, கீழே போன் செய். இதில் ஒருநாளும் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

காசு வைக்காமல் போகிறவர்களில் நம் ஆட்கள் அதிகம். எழுதினால் கோபம் வரும். வரட்டும். கல்யாணத்துக்கு வந்து வரிசையாக அறை எடுப்பார்கள். வெள்ளை டவலில் மஞ்சள் அப்பியிருக்கும். குளிக்கிற தொட்டியில் ரங்கோலிப் பொடி கரைந்திருக்கும். தலையணை மேல் ஒன்றும் இருக்காது, ஒட்டுப் பொட்டைத் தவிர. ஊரிலும் இதே கதைதான். வாசலில் சல்யூட் அடிக்கிற வாட்ச்மேனுக்குக் கொடுப்போம். இலை போட்ட சர்வருக்குக் கொடுப்போம். நாம் வெளியே போயிருக்கிற நேரம் பார்த்து வந்து நம் அழுக்கை அள்ளிக்கொண்டு போகிறவள் கண்ணில் படுவதில்லை, அவளுக்குக் கொடுக்க மாட்டோம்.

அதனால்தான் லீவில் எங்கே தங்கினாலும் நான் வைத்துவிட்டுத்தான் வருவேன். இதில் தர்மம் ஒன்றும் இல்லை. முதுகு வலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

3

போன வருடம் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தோம். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகள் நிவேதாவும்தான். அவளுக்குப் பதினேழு வயது. தமிழ் புரியும். பேசினால் ஆணும் பெண்ணும் இடம் மாறிக்கொள்ளும். கல்யாண வீட்டில் எல்லோரும் அவளைப் பேசச் சொல்லிச் சிரித்தார்கள். அதன் பிறகு அவள் வாயை மூடிக்கொண்டு போனைத் திறந்துகொண்டாள். அந்தப் போனில்தான் உங்கள் ஹோட்டல் படத்தைக் காட்டி, “இங்க போலாம்மா” என்றாள். வந்ததிலிருந்து அவள் வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான். கூட்டிக்கொண்டு வந்தேன்.

முகப்பில் சந்தனம் கொடுத்தீர்கள், செம்பருத்தி சர்பத் கொடுத்தீர்கள். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு என்று ஒவ்வொரு தூணுக்கும் கதை சொன்னார்கள். மறுநாள் காலை பின்கட்டு வழியாக வாளியோடு வந்தாள் பஞ்சவர்ணம். அவளுக்கு ஒரு கதையும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. நேராக வேலையில் இறங்கினாள்.

அவள் மெத்தை விரிப்பைச் செருகும்போது நான் மறுபக்கம் போய் முனையைப் பிடித்தேன். கை சும்மா இருக்காது.

“அய்யய்யோ, விடுங்க மேடம். கேமரா இருக்கு.”

“ரூமுக்குள்ளயா?”

“ரூமுக்குள்ள இல்ல. மேனேஜர் மண்டைக்குள்ள இருக்கு.” சிரித்துவிட்டு என் பக்கத்து முனையைப் பார்த்தாள். “மடிப்பு ஹோட்டல் மடிப்பாவுல்ல இருக்கு. எங்கிட்டுப் பழகுனீங்க?”

“எனக்கும் இதே வேலைதான். கனடாவுல.”

அவள் என்னைப் பார்த்தாள், என் மகளைப் பார்த்தாள். “பாப்பா, ஒங்க அம்மா எப்பவுமே இப்பிடிப் பொய் சொல்லுமா?”

“இல்ல ஆன்ட்டி, நிஜம். அம்மா டெய்லி நெறைய ரூம் கழுவுறான்.”

பஞ்சவர்ணம் கட்டில் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். கல்யாண வீட்டுச் சிரிப்பு மாதிரி இல்லை. நிவேதாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

“ஏரோப்ளேன் ஏறிப் போயிக் கக்கூசு கழுவுறீகளா? நான் டிக்கெட்டே இல்லாம இங்கிட்டுக் கழுவிக்கிட்டிருக்கேன். அப்ப நாந்தேன் கெட்டிக்காரி.”

அதற்குப் பிறகு நான் மேடம் இல்லை, அக்கா. இருந்த நாளெல்லாம் அவள் வரும் நேரத்துக்கு நாங்கள் அறையில் இருந்தோம். நிவேதா அவளோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டாள். பஞ்சவர்ணத்திடம் இருப்பது பட்டன் போன். மகள் நர்சிங் படிக்கிறாள், அவள் நம்பருக்கு அனுப்பு என்று நம்பர் கொடுத்தாள்.

கிளம்புவதற்கு முன்தினம் அவள் கையில் கொடுக்கப் போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“கையில வாங்கக் கூடாதுக்கா. ரிசப்ஷன்ல பொட்டி வச்சிருக்காக. அதுல போடச் சொல்லணும்.”

“பெட்டியத் தொறந்து ஒங்களுக்குப் பிரிச்சுக் குடுப்பாங்களா?”

“தொறந்து நான் பாத்ததில்ல. கோயில் உண்டியலையாச்சும் வருசத்துக்கு ஒருக்கா தொறக்குறாக.”

மறுநாள் அறையைக் காலி செய்யும்போது, டொராண்டோவில் செய்வது போலத் தலையணை மேல் நோட்டுகளை வைத்தேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. நம் பக்கத்தில் முழு நோட்டாக யாருக்கும் கொடுக்க மாட்டோம். கல்யாணமோ காதுகுத்தோ, மேலே ஒரு ரூபாய் சேர்த்துத்தான் மொய். சும்மா விட்டுப்போன காசு இல்லை, நினைத்துக் கொடுத்தது என்பதற்கு அந்த ஒரு ரூபாய்தான் அடையாளம். மொய்க் கவர் அடிக்கிறவன்கூட மேலே ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டித்தான் விற்கிறான்.

என் பையில் சில்லறை இல்லை. நிவேதாவை விட்டுக் கார் டிரைவரிடம் வாங்கிவரச் சொன்னேன். “ஒரு ரூபால என்னம்மா வாங்க முடியும்?” என்று கேட்டுக்கொண்டே ஓடிப் போய் வாங்கி வந்தாள். அவள்தான் நோட்டுகளுக்கு மேலே, நடுவில், பொட்டு வைப்பது மாதிரி அதை வைத்தாள்.

4

கீரனூர் வந்து சேர்ந்த மறுநாள் நிவேதா படத்தை அனுப்பினாள். பதிலுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. மகள் போனில் பஞ்சவர்ணம் பேசியிருந்தாள். நிவேதா அதை இரண்டு தடவை கேட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

“அம்மா, களவாணின்னா என்ன?”

போனை வாங்கிக் கேட்டேன்.

“பாப்பா, போட்டோ நல்லா இருக்கு. ஒங்க அம்மாட்டச் சொல்லு. தலகாணி மேல வச்சிட்டுப் போனாகள்ல, அதை எடுத்ததுக்கு என்னையக் களவாணின்னு சொல்லிப்புட்டாக. அத்தன பேரையும் பின்வாசல்ல நிக்கவச்சு, மடியப் பிரிச்சுக் காட்டச் சொன்னாக. காட்டுனேன். மேல ஒத்த ரூவா இருக்கு பாருங்க, மறந்துட்டுப் போறவுக ஒத்த ரூவாயச் சேத்து வச்சிட்டா மறப்பாகன்னு கேட்டேன். மொதலாளி போன்லயே சொல்லிட்டாராம், நாளையிலருந்து வர வேணாம்னு. ஒங்க அம்மா குடுக்குறதுன்னா அந்த மேனேஜர் முன்னாடி குடுத்திருக்கணும். இல்லாட்டி குடுக்காமப் போயிருக்கணும். இப்ப வேலையும் போச்சு, பேரும் போச்சு.”

களவாணி என்றால் திருடி என்று மகளுக்குச் சொன்னேன்.

“ஆனா நாமதானே குடுத்தோம்?”

“நாமதான்.”

“அப்ப போய்ச் சொல்லு.”

பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப் போகிறார்கள் என்று நாங்கள் இங்கே கூடும்போதெல்லாம் புலம்புவோம். நானும் புலம்பியிருக்கிறேன். அன்றைக்கு அந்த வீட்டில் என்னை உட்காரவிடாமல் செருப்பை எடுத்து முன்னால் போட்டது அவள்தான்.

5

அண்ணனுக்குக் கீரனூரில் உரக்கடை. என்னைக் கூட்டிப்போக அவனுக்கு இஷ்டமில்லை.

“ஒனக்கு எதுக்கு வளரு ஊர் வம்பு? நீ ப்ளேன் ஏறிப் போயிருவ. நான் இங்கிட்டுக் கெடக்கணும். அவுக பெரிய எடம்.”

“காரை எடுக்கிறியா, பஸ்ல போகவா?”

முணுமுணுத்துக்கொண்டே எடுத்தான். உங்கள் முகப்பில் இறங்கியதும் முதல் காரியமாக ரிசப்ஷனில், “தங்கச்சி கனடாவுல பெரிய ஹோட்டல்ல மேனேஜர்” என்றான். பழக்கம், விடவில்லை.

உங்கள் மேனேஜர் கோட்டுப் போட்ட இளைஞர். மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

“பாலிசி மேடம். கெஸ்ட் போன பிறகு ரூம்ல எது இருந்தாலும் ரிசப்ஷனுக்கு வந்தாகணும். தலையணை மேல இருந்தாலும் சரி, குப்பைத் தொட்டியில இருந்தாலும் சரி.”

“நான் குப்பையில போட்ட வாழைப்பழத் தோலு வந்துச்சா?”

நிவேதா சிரித்தாள். மேனேஜர் சிரிக்கவில்லை. உங்களுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

நீங்கள் பேசியது இது. மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். கேட்ட காதுகள் நாலு ஜோடி, உங்கள் மேனேஜருடையதும் சேர்த்து.

“நீங்க குடுத்ததாவே இருக்கட்டும் மேடம். அவ கேட்டுட்டு எடுத்திருக்கணும்.”

“அப்ப திருடல இல்ல?”

“அது வேற. இப்ப திருப்பிச் சேத்துக்கிட்டா மத்தவங்களுக்குப் பயம் விட்டுப் போயிடும். போலீசுக்குப் போகாம விட்டதே பெரிசு. நீங்களும் பெரிய ஹோட்டல்ல மேனேஜர்னு சொன்னாங்க. இந்த மாதிரி ஆளுங்கள எப்படி வைக்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் மேஜைப் பக்கம் குனிந்துவிட்டான். அவன் காது சிவந்திருந்தது.

“சார், நான் அண்ணன் பேசுறேன். என் தங்கச்சி மேனேஜர் இல்ல. அப்பிடிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது நாந்தேன். அது அங்க ரூம் கழுவுது. ஒங்க பஞ்சவர்ணம் பாத்த அதே வேலை. இப்பச் சொல்லுங்க, இந்த மாதிரி ஆளுங்கள எப்பிடி வைக்கணும்?”

நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள்.

மேனேஜர் டிராயரிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜையில் வைத்தார். “உங்க அமவுண்ட் மேடம், அப்படியே இருக்கு.” கவருக்குள் அந்த நாணயம் நகர்ந்து மேஜையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

“அது என் பணம் இல்ல. பஞ்சவர்ணம் பணம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். காரில் ஏறியதும் அண்ணன், “அந்த ஹோட்டல்ல ஒம் மாமியார் வீட்டுக்காரவுக யாராச்சும் இருந்தாகளா?” என்று கேட்டான். இல்லை என்றேன். “இருந்தாலும் என்ன” என்று வண்டியைக் கிளப்பினான். ஊர் வந்து சேருவதற்குள் அவனே அதை மூன்று பேருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான். இப்போது கீரனூரில் நான் மேனேஜர் இல்லை. நிம்மதியாக இருக்கிறது.

6

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன் பஞ்சவர்ணம் வீட்டுக்குப் போனோம். கண்மாய்க் கரையைத் தாண்டி உள்ளே. வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் எழுந்திருக்கவில்லை.

“வாங்க. இன்னைக்கு எங்கிட்டு வைக்கப் போறீக?”

அந்தப் பேச்சு எனக்கு வேண்டியதுதான். உங்கள் ஹோட்டலில் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே தேய்த்தாள். வேறு எங்காவது வேலைக்கு நான் கேட்டுப் பார்க்கட்டுமா என்றேன்.

“கேக்காமயா இருந்தேன்? கல்யாண மண்டபத்துல போயிக் கேட்டேன். நகை நட்டோட வர்ற எடம், வேணாம்னுட்டாக. வாத்தியார் வீட்டுல ரெண்டு நாள் வச்சுக்கிட்டு, மூணாம் நாள் பீரோவைப் பூட்ட ஆரம்பிச்சாக. நானே நின்னுட்டேன்.”

“பணம் ஏதாச்சும்...”

“காச எடுத்தீகன்னா இந்தச் சட்டியாலயே அடிப்பேன். எனக்குக் காசு வேணாம்க்கா. பத்துப் பேரு முன்னாடி களவாணின்னு சொன்னாகள்ல, அதே பத்துப் பேரு முன்னாடி இல்லேன்னு சொல்லச் சொல்லுங்க. என் மக நாளைக்கு நர்சு வேலைக்குப் போகணும். ஒங்க அம்மாவான்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது.”

நிவேதா அவள் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு தட்டை எடுத்துக் கழுவினாள். “பாத்தீகளாக்கா, பரம்பரைத் தொழிலு” என்றாள் பஞ்சவர்ணம். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இங்கே வந்த பிறகு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அண்ணனை விட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்கச் சொன்னேன். அவள் ஹோட்டல் ஆள் இல்லையாம், காண்ட்ராக்ட் ஆளாம். காண்ட்ராக்டரைக் கேட்டால், நான் யாரையும் நிறுத்தவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான் என்கிறான். உங்கள் மேனேஜர் வேலையை விட்டு நிறுத்தியது யார் என்று கேட்டால் முதலாளி என்கிறார். உங்களுக்கு மெயில் எழுதினால், தங்கியதற்கு நன்றி, உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று பதில் வருகிறது. அவளைத் திருடி என்று சொல்ல ஆள் இருந்தது. இல்லை என்று சொல்ல ஒருத்தருக்கும் அதிகாரம் இல்லை.

என்னைப் போல லீவுக்கு ஊர் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கொடுங்கள். கட்டாயம் கொடுங்கள். ஆனால் இங்கே வைப்பது மாதிரி வைத்துவிட்டு வராதீர்கள். மேனேஜரை அறைக்குக் கூப்பிடுங்கள், அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள், அவர் பார்க்க அவள் கையில் கொடுங்கள். பெட்டியில் போடச் சொன்னால், பெட்டியைத் திறந்து காட்டு என்று கேளுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நாம் தள்ளுபடி கேட்கும்போது அவர்கள் சுளிக்காத முகமா?

முதலாளி அவர்களே, கடைசியாக உங்களுக்கு. நீங்கள் வெளிநாட்டுக்காரர் இல்லை. அரிமளம் பக்கத்து வீடு உங்களுடையது. உங்கள் வீட்டுக் கல்யாணங்களில் வரிசையில் நின்று மொய் வைத்தவர்கள் எங்கள் ஆட்கள். அந்தக் கவர்களில் ஒட்டியிருந்த ஒரு ரூபாயைப் பார்த்து, யாரோ மறந்து விட்டுப்போன காசு என்று உங்கள் அப்பா ஒருநாளாவது சொல்லியிருப்பாரா?

அந்தக் கவர் இன்னும் உங்கள் டிராயரில்தான் கிடக்கும். அதைப் பிரித்து அந்த நாணயத்தை வெளியே எடுங்கள். அதே பின்வாசலில், அன்றைக்கு நின்ற அதே ஆட்களை நிற்கவையுங்கள். பஞ்சவர்ணத்தையும் அவள் மகளையும் முன்வாசல் வழியாகக் கூட்டி வாருங்கள். இது திருட்டுக் காசா, கொடுத்த காசா? போனில் வேண்டாம், மெயிலில் வேண்டாம், மேனேஜர் வாயால் வேண்டாம். நீங்களே வந்து நின்று, அவள் பெயரைச் சொல்லி, சத்தமாகப் பதில் சொல்லுங்கள்.